கப்பல் ஏறிய காடு

மடகாஸ்கர் தீவின் வடகிழக்கில் மசோவாலா என்றொரு தீபகற்பம் இருக்கிறது. மழை ஓயாத மலைக்காடு அங்கே கடற்கரைவரை இறங்கி நிற்கும். நம்மூர் ஈட்டி மரத்துக்கு உறவான ஒரு மரம் அந்தக் காட்டில் வளர்கிறது. வெட்டிய இடத்தில் ரத்தச் சிவப்பு தெரியும். கனமோ சொல்லி மாளாது. ஆற்றில் போட்டால் கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு ஈட்டிக் கட்டையை மிதக்கவிடப் பக்கத்தில் நிற்கும் இலேசான மரங்கள் நான்கைந்தையும் சாய்த்துத் தெப்பம் கட்டுகிறார்கள். கட்டையை ஆற்றுக்குக் கொண்டுவருவது மனித உடம்புதான். கயிறு கட்டி, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, நாள்கணக்காக இழுத்து வருகிறார்கள். ஒரு நாள் கூலி சில டாலர்.

2009-ல் மடகாஸ்கரில் ஆட்சி கவிழ்ந்தது. கேட்பாரில்லாத அந்த மாதங்களில் மசோவாலா, மரோஜெஜி ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களிலும் கோடரிகள் கும்பல் கும்பலாக நுழைந்தன. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ அந்த மழைக்காடுகளை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதே 2010-ல் மடகாஸ்கர் அரசு ஈட்டி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2013-ல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் மரம் ஏறியது. தேசியத் தடை ஒன்று, உலகக் கட்டுப்பாடு ஒன்று என இரண்டு பூட்டுகள் விழுந்துவிட்டன.

2014-ல் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் 29,434 மடகாஸ்கர் ஈட்டிக் கட்டைகள் இருந்தன. மதிப்பு சுமார் 5 கோடி அமெரிக்க டாலர். சிங்கப்பூர் அதிகாரிகள் அவற்றைப் பிடித்தார்கள். சைட்ஸ் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறக்குமதி செய்ததாக ஒரு நிறுவனத்தின் மீதும் அதன் இயக்குநர் மீதும் வழக்குப் பதிவானது. முதலில் விடுதலை, மேல்முறையீட்டில் மீண்டும் விசாரணை, 2017-ல் உயர் நீதிமன்றம் இருவருக்கும் தலா 5 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதமும் இயக்குநருக்கு 3 மாதச் சிறையும் விதித்தது. 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. கட்டைகள் ஹாங்காங்குக்குப் போகும் வழியில் இருந்திருக்கலாம், சிங்கப்பூருக்குள் இறக்குமதி செய்யப்பட்டதாக அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 'இறக்குமதி'யா, 'வழிப்போக்கு'ச் சரக்கா என்ற சொல் வழக்கில் 5 ஆண்டு ஓடிப்போனது. இதற்கிடையே மடகாஸ்கர் அரசுத் தரப்பிலிருந்து வந்த கடிதங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன.

நீதிபதிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தின் சொற்களைப் படித்தார்கள். அது அவர்கள் கடமை. என் கேள்வி வேறு. காட்டைக் காக்கவென்று உலக நாடுகள் போட்ட ஒப்பந்தம் ஒரு துறைமுகத்தின் ஒரு சொல்லில் வந்து முடங்குகிறது என்றால், மழைக்காட்டுக் குற்றங்களுக்கு எதிரான சர்வதேச ஒத்துழைப்பு என்று நாம் பேசுவது எங்கே பலமாக இருக்கிறது, எங்கே ஓட்டையாக இருக்கிறது? சைட்ஸ் வந்தபின் கழிந்த ஐம்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் எத்தனை காவலரை நிறுத்தினாலும், சரக்கை வாங்கும் நாடு "இது உன் ஊரில் குற்றம் என்றால் என் ஊரிலும் குற்றம்" என்று தன் சட்டத்தில் எழுதாதவரை இந்த வியாபாரம் நிற்காது.

முதலில் கையில் இருக்கும் ஒப்பந்தங்கள். சைட்ஸ் 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. அது பட்டியலில் உள்ள உயிரினங்களை மட்டுமே பார்க்கும். பட்டியலில் ஏறாத மரத்தை எவ்வளவு திருட்டுத்தனமாக வெட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. பட்டியலில் ஏற்றுவதும் சுலபமில்லை. அகன்ற இலை மகோகனி 2002-லும், ஈட்டிப் பேரினம் முழுவதும் 2016-லும்தான் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. அமேசானின் இப்பே மரத்தை 2022-ல் பனாமா மாநாட்டில் சேர்த்தார்கள். ஆனால் அமலாக இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்த இரண்டு ஆண்டும் கோடரிக்கும் அவகாசம்தான்.

அடுத்தது, நாடு கடந்து திட்டமிட்டு நடக்கும் குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை. 2000-ல் வந்தது. நாடுகள் ஒன்றுக்கொன்று சாட்சியம் தருவது, குற்றவாளியை ஒப்படைப்பது, சொத்தை முடக்குவது எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. ஆனால் ஒரு குற்றம் 'கடுங்குற்றம்' என்ற வரையறைக்குள் வர, அதற்கு உள்நாட்டில் அதிகபட்சமாக 4 ஆண்டாவது சிறை விதிக்க முடிய வேண்டும். பிரேசிலின் 1998-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் குற்றச் சட்டத்தில், உரிமமில்லாத மரத்தை வாங்குவதற்கும் விற்பதற்கும் தண்டனை 6 மாதம் முதல் ஓராண்டு வரைதான். உலகின் மிகப் பெரிய மழைக்காட்டின் பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்திருக்கும் நாட்டில், கள்ள மர வியாபாரம் அந்தச் சட்டப்பிரிவின்படி மட்டும் பார்த்தால் உலக உடன்படிக்கையின் வாசலைக்கூடத் தொடாது. கும்பல் சேர்ந்தது, பணத்தை வெள்ளையாக்கியது என்று வேறு பிரிவுகளைத் தேடிப்பிடித்துத்தான் அரசு வழக்கறிஞர்கள் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. இந்த உடன்படிக்கையோடு சுற்றுச்சூழல் குற்றத்துக்கென ஒரு தனி நெறிமுறை சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை சில ஆண்டுகளாக எழுந்துவருகிறது. 2024-ல் உறுப்பு நாடுகள் அதைப் பரிசீலிக்க ஒரு நிபுணர் குழுவை அமைக்க ஒப்புக்கொண்டன. குழு என்ற அளவில் இது ஒரு தொடக்கம்.

இன்டர்போல் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே உண்டு. சினிமாவில் காட்டுவது போல இன்டர்போல் போலீஸ் யாரையும் போய்க் கைது செய்வதில்லை. அது தகவல் பரிமாறும் அமைப்பு. கைது செய்வது அந்தந்த நாட்டுப் போலீஸ். அப்படியும் 2012-ல் அது ஒருங்கிணைத்து லத்தீன் அமெரிக்காவின் 12 நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த மரச் சோதனையில் சுமார் 200 பேர் பிடிபட்டார்கள். 80 லட்சம் டாலர் மதிப்புள்ள மரம் சிக்கியது. அதே ஆண்டு இன்டர்போலும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் வெளியிட்ட அறிக்கை, உலகக் கள்ள மர வியாபாரம் ஆண்டுக்கு 3,000 கோடி முதல் 10,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டது. சிக்கிய மதிப்பையும் இந்த மதிப்பீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

மரம் எங்கே வெள்ளையாகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஒத்துழைப்பு எங்கே தேவை என்பது விளங்கும். காட்டில் வெட்டும்போது அது கள்ள மரம். துறைமுகம் வரும்போது அதன் கையில் சுத்தமான சீட்டு இருக்கிறது. நடுவில் நடப்பது இதுதான்: வெட்டு உரிமம் பெற்ற ஒருவர் தன் நிலத்தில் இத்தனை இப்பே மரம் நிற்கிறது என்று கணக்கு எழுதிக் கொடுக்கிறார். நிற்காத மரமும் அந்தக் கணக்கில் நிற்கும். அந்த இல்லாத மரத்துக்கான அளவு, பழங்குடி நிலத்திலோ தேசியப் பூங்காவிலோ வெட்டிய உண்மையான மரத்தின் மேல் ஒட்டப்படுகிறது. பெரு நாட்டின் வனக் கண்காணிப்பு அமைப்பு இந்த வித்தையைப் பிடிக்க ஒரு எளிய வழியைக் கையாண்டது. உரிமக் கணக்கில் எழுதிய இடத்துக்கு நேராக நடந்துபோய், வெட்டியதாகச் சொன்ன மரத்தின் அடிக்கட்டை அங்கே இருக்கிறதா என்று பார்த்தார்கள். பல இடங்களில் அடிக்கட்டையே இல்லை. மரம் ஒருபோதும் அங்கே நிற்கவில்லை.

அந்த நடையின் பலன் 2015-ல் அமெரிக்காவில் தெரிந்தது. 'யாக்கு கல்பா' என்ற கப்பல் பெருவின் இக்கிட்டோஸிலிருந்து அமேசான் ஆற்றின் வழியே மரமேற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்கு வந்தபோது, பெருவின் கண்காணிப்பு அமைப்பு கொடுத்த தகவலை வைத்து அமெரிக்கச் சுங்கத் துறை சரக்கை நிறுத்திவைத்தது. பெரும்பகுதி கள்ள மரம் என்று உறுதியானது. இதைச் செய்ய அமெரிக்காவுக்கு அதிகாரம் கொடுத்தது 2008-ல் திருத்தப்பட்ட லேசி சட்டம். வேறொரு நாட்டின் சட்டத்தை மீறி எடுத்த மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதே குற்றம் என்று அது சொல்கிறது. மடகாஸ்கர் கருங்காலியை வாங்கியதற்காகப் புகழ்பெற்ற ஒரு கித்தார் நிறுவனம் 2012-ல் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியதும் இதே சட்டத்தால்தான். ஆனால் ஹூஸ்டனில் கப்பல் நின்ற சில மாதங்களில், 2016 ஜனவரியில், பெருவின் அந்தக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உண்மையைச் சொன்ன அதிகாரிக்குச் சொந்த நாட்டில் கிடைத்தது அதுதான். தகவல் கொடுத்தவரைக் காப்பதற்கு மேலே சொன்ன ஒப்பந்தங்களில் வலுவான ஏற்பாடு இல்லை.

பிரேசிலிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். 2020 டிசம்பரில் பாரா, அமேசோனாஸ் மாநிலங்களின் எல்லையில் அந்நாட்டு மத்திய போலீஸ் இரண்டு லட்சம் கன மீட்டருக்கு மேல் மரத்தைப் பிடித்தது. நாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய மரப் பறிமுதல் அது. சுற்றுச்சூழல் அமைச்சர் ரிக்கார்டோ சாலெஸ் மரக்காரர்கள் பக்கம் நின்றார் என்று புகார் கொடுத்த போலீஸ் அதிகாரி அலெசாண்ட்ரே சரைவா, 2021 ஏப்ரலில் தன் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். அடுத்த மாதமே அமைச்சர் மீது சோதனை நடந்தது. அதற்கு வழிவிட்டது அமெரிக்காவிலிருந்து வந்த தகவல். ஜார்ஜியா மாநிலத் துறைமுகத்தில் சீட்டில்லாமல் வந்த பிரேசில் மரத்தை நிறுத்திய அமெரிக்க வனவிலங்குத் துறை, அதைப் பிரேசில் போலீசுக்குத் தெரிவித்திருந்தது. ஜூன் மாதம் சாலெஸ் பதவி விலகினார். சொந்த நாட்டு அதிகாரியால் தனியாக அசைக்க முடியாத நாற்காலியை, வாங்கும் நாட்டிலிருந்து வந்த தகவல் அசைத்தது. ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 2003-ல் தொடங்கிய திட்டத்தில், மரம் விற்கும் நாடுகளோடு உட்கார்ந்து பேசி, எது சட்டப்படியான மரம் என்பதை அந்த நாட்டுச் சட்டத்தை வைத்தே இருவரும் சேர்ந்து வரையறுத்தார்கள். இந்தோனேசியா முதலில் தேறியது. 2016 நவம்பரில் உலகின் முதல் ஐரோப்பிய மர உரிமத்தை அது வழங்கத் தொடங்கியது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், அங்கே கிராம மக்களும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து அமைத்த சுதந்திரக் கண்காணிப்பு வலையமைப்புக்கு, மரச் சான்றிதழ் முறையை மேற்பார்வையிடும் அதிகாரப்பூர்வமான இடம் கிடைத்ததுதான். அரசு அரசை நம்பும் ஏற்பாடாக மட்டும் அது நிற்கவில்லை.

2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு படி ஏறியது. மாடு, கோக்கோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு சரக்குகளும் 2020 டிசம்பர் 31-க்குப் பின் அழிக்கப்பட்ட காட்டில் விளைந்தவை அல்ல என்று, நிலத்தின் இருப்பிடக் குறிப்போடு காட்டவேண்டும் என்றது. மரம் மட்டும் காட்டை அழிப்பதில்லை, அழித்த இடத்தில் நிற்கும் மாடும் சோயாவும்தான் பெரிய காரணம் என்பதை ஏற்றுக்கொண்ட முதல் பெரிய சட்டம் என்ற வகையில் அதை வரவேற்கவேண்டும். ஆனால் அதன் அமலாக்கம் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டுவிட்டது. இரண்டு ஏக்கர் காபி வைத்திருக்கும் விவசாயி இருப்பிடக் குறிப்புக்கு எங்கே போவார் என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. முன்பு மரத்துக்குச் செய்தது போல எதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த இழுபறி இவ்வளவு நீண்டிருக்காது என்று நினைக்கிறேன்.

சீனா 2020 ஜூலையிலிருந்து அமலுக்கு வந்த திருத்திய வனச் சட்டத்தில், கள்ள மரம் என்று தெரிந்து வாங்குவதையும் பதப்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. ஈட்டி மரச் சாமான்களின் மிகப் பெரிய சந்தை அது. வெளிநாட்டு மரத்துக்கும் அந்தப் பிரிவு முழுமையாகச் செயல்பட்டால், மசோவாலாவின் கோடரிக்காரருக்குக் கயிறு வாங்கிக் கொடுக்க ஆளிருக்காது.

மரத்துக்காவது ரேகை இருக்கிறது; மரபணுவைச் சோதித்தால் எந்தக் காட்டு மரம் என்று பல சமயம் சொல்லிவிடலாம். தங்கத்தை உருக்கிவிட்டால் பிறந்த ஊர் மறைந்துவிடும். அமேசானில் ஆற்று வண்டலோடு பாதரசத்தைக் கலந்து பிசைகிறார்கள். தங்கத் துகள் அதில் ஒட்டித் திரளும். அந்த உருண்டையைச் சட்டியில் வைத்துத் தீப்பந்தம் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் மட்டும் நிற்கும். போன ஆவி மழையோடு ஆற்றுக்கு வந்து மீனுக்குள் ஏறி, அந்த மீனைத் தின்னும் பழங்குடிப் பிள்ளைகளின் ரத்தத்தில் வந்து சேர்கிறது. யானோமாமி நிலத்தில் சுமார் 20,000 கள்ளத் தங்கத் தொழிலாளர்கள் புகுந்திருந்த நிலையில், 2023 ஜனவரியில் பிரேசில் அங்கே மருத்துவ அவசரநிலை அறிவித்தது. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களை உலகம் அப்போது பார்த்தது.

இத்தனைக்கும் தங்கம் எங்கே எடுத்தது என்று விற்பவர் சொல்வதை வாங்குபவர் நல்லெண்ணத்தோடு நம்பினால் போதும் என்று 2013 முதல் பிரேசிலில் ஒரு சட்டம் இருந்தது. 2023-ல்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வாங்கும் பக்கமும் கை சுத்தமில்லை. பெரு முதலிய நாடுகளிலிருந்து பல நூறு கோடி டாலர் தங்கத்தை மயாமி வழியே வாங்கிய வணிகர்கள் மூவர் அமெரிக்காவில் சிறை சென்றார்கள். அவர்களுடைய தாய் நிறுவனம் 2018-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. கவனிக்க வேண்டியது, அந்த வழக்கு சுற்றுச்சூழல் வழக்காக வரவில்லை. பணமோசடித் தடுப்பு விதிகளை மீறியதற்கான வழக்கு அது.

பணத்தின் வழி போனால் பெரிய தலை கிடைக்கும் என்பதற்கு இந்தோனேசியாவில் ஒரு வழக்கு உண்டு. பப்புவாவின் சோரோங் நகரில் கீழ்நிலைப் போலீஸ்காரர் ஒருவரின் வங்கிக் கணக்குகளில் சில ஆண்டுகளில் 1.5 லட்சம் கோடி ரூபியா புழங்கியதை நிதி உளவுப் பிரிவு கண்டுபிடித்தது. கள்ள மரக் குற்றத்துக்குக் கீழ் நீதிமன்றம் வெறும் 2 ஆண்டு கொடுத்தது. பணமோசடியும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது 2014-ல் அது 15 ஆண்டு ஆனது. 2021-ல் பணமோசடியைக் கண்காணிக்கும் உலக அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். சுற்றுச்சூழல் குற்றத்தின் பணவழி பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. வங்கிகளும் இனி வனக் காவலர்கள்தான் என்பதை நாடுகள் மெதுவாகப் புரிந்துகொள்கின்றன.

இவ்வளவும் எழுதியபின் காட்டுக்குள் நிற்கும் மனிதர்களை மறக்க முடியாது. 2014-ல் பெருவின் சவேத்தோ கிராமத்தில் மரக் கும்பலுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் மனு எழுதிய அஷானிங்கா தலைவர் எட்வின் சோட்டாவும் கூட இருந்த மூவரும் கொல்லப்பட்டார்கள். 2022 ஜூனில் பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்கில், பழங்குடி உரிமை ஆர்வலர் புரூனோ பெரெய்ராவும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டோம் பிலிப்ஸும் படகில் போகும்போது கொல்லப்பட்டார்கள். பிரேசில், பெரு, கொலம்பியா மூன்றும் சந்திக்கும் மூலைக்குப் பக்கத்துக் காடு அது. மூன்று நாட்டுப் போலீசுக்கும் எல்லை உண்டு, குற்றவாளியின் படகுக்கு எல்லை இல்லை. எட்டு அமேசான் நாடுகளுக்குள் 1978 முதல் ஒரு கூட்டுறவு ஒப்பந்தம் இருந்தும், அவற்றின் போலீஸ்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார ஒரு மையம் மனாஸ் நகரில் 2025 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. இடையில் போன 47 ஆண்டுகளில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒத்துழைப்பு வேலை செய்யும் என்பதற்கும் அமேசானே சாட்சி. பிரேசில் பகுதியில் 2004-ல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், காட்டை அழித்தவருக்கு வங்கிக் கடன் மறுப்பு, பழங்குடி நிலங்களுக்கு எல்லை எல்லாம் சேர்ந்து 2012-ல் அதை 4,571-ஆகக் குறைத்தன. அந்தக் காலத்தில்தான், 2008-ல், நார்வே 100 கோடி டாலர் தர முன்வந்து அமேசான் நிதியம் பிறந்தது. 2019-ல் நிதியம் முடங்கியது. 2021-ல் அழிவு 13,038-க்கு ஏறியது. 2023-ல் நிதியம் மீண்டும் இயங்கத் தொடங்க, 2024 கணக்கில் அது 6,288-க்கு இறங்கியது. பணம் மட்டும் இதைச் செய்யவில்லை. பிரேசிலில் ஆட்சி மாறியதுதான் முதற்காரணம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு செய்திகள் உண்டு. ஈட்டியை வாங்கும் அதே சீனச் சந்தைக்குத்தான் நம் பக்கத்துச் சேஷாசலம் மலையின் செம்மரமும் போகிறது. அது மழைக்காடு அல்ல, வறண்ட காடு. ஆனாலும் கதை ஒன்றுதான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்த மலையில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் செத்த 20 பேரும் தமிழகத்தின் ஏழைக் கூலிகள். கட்டைக்கு விலை பேசியவர்கள் யாரும் அந்த மலைக்கு வரவில்லை.

இரண்டாவது, நாமும் வாங்கும் நாடு. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் மழைக்காட்டுக் குட்டிக் குரங்குகள் மூச்சுத் திணறிக் கிடக்கும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சைட்ஸ் பட்டியல் இந்திய வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்ததால் அந்த வழக்குகளுக்கு இப்போது கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. பட்டியலில் ஏறாத மரத்துக்கு அதுவும் இல்லை. தூத்துக்குடியில் கப்பல் கப்பலாக வெளிநாட்டு மரம் இறங்குகிறது. பட்டியலில் இல்லாத ஒரு மரம் அது பிறந்த நாட்டின் சட்டத்தை மீறி வெட்டப்பட்டதா என்று கேட்கும் லேசி சட்டம் போன்ற பொதுச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை கிடையாது. நம் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டத்தை இயற்றவேண்டும். நம் உறுப்பினர்களிடம் நாம் அதைக் கேட்கவேண்டும். அதுவரை, வீட்டுக்குக் கதவோ கட்டிலோ வாங்கப் போகும்போது இந்த மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது, அதற்குச் சீட்டு இருக்கிறதா என்று மரக்கடையில் ஒருமுறை கேளுங்கள்.